பார்வை போன பிறகு டேப்லெட் பழகிய விதம்

கொரோனா ஊரடங்கில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப்லெட் அது. பள்ளி திறந்ததும் பீரோவுக்குள் போய்விட்டது. ஈரோட்டில் பல வீடுகளில் இப்படி ஒன்று கிடக்கும். அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டபோது வீட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. பட்டன் செல்போனில் ஐந்தாம் எண்மேல் இருக்கும் சிறு புள்ளியைத் தடவித்தான் மற்ற எண்களைக் கண்டுபிடிப்பேன். அப்படிப்பட்ட ஆளுக்கு மேடும் பள்ளமும் இல்லாத வழவழப்பான கண்ணாடியால் என்ன பயன்? நியாயமான கேள்விதான். அப்போது என்னிடமும் பதில் இல்லை.

நான் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவன். எனக்கு வந்தது ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை விழித்திரை நோய். முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு ஓரப் பார்வை சுருங்கி, நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும். மூக்குக் கண்ணாடி போட்டாலும் பலன் இராது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் இது கூடுதலாகத் தலைகாட்டும் என்று மருத்துவர் சொன்னார். பொழுது சாய்ந்தால் என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஏன் திண்ணையை விட்டு இறங்கியதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்த நடு வட்டமும் மங்கிய பிறகு பேரேட்டை மூடி வைத்தேன்.

ஆண்ட்ராய்டு கருவிகளில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் பெரும்பாலும் கூடவே வந்துவிடுகிறது. தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆப்பிள் கருவிகளில் அதே வேலையைச் செய்வது வாய்ஸ்ஓவர். 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வந்து, 2010-ல் வெளியான முதல் ஐபேடிலும் இருந்தது. தொடுதிரை என்றால் பார்வையற்றவருக்குக் கதவு மூடிவிட்டது என்று பலரும் முடிவுகட்டியிருந்த காலம் அது. ஆண்ட்ராய்டில் விரலால் தடவித் தடவிக் கேட்டு அறியும் வசதி 2011-ல், 4.0 பதிப்பில் வந்தது.

மகள் அமைப்புகளுக்குள் போய் டாக்பேக்கை இயக்கிக் கொடுத்தாள். இயக்கிய நிமிடத்திலேயே டேப்லெட் அவள் கைக்கு அடங்கவில்லை. டாக்பேக் ஓடும்போது ஒரு முறை தட்டினால் எதுவும் திறக்காது. விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று பெயரை மட்டும் சொல்லும். திறக்க இருமுறை தட்ட வேண்டும். ஒரு விரலால் இழுத்தால் பக்கம் நகராது. இரண்டு விரல் வேண்டும். "ஏனுங்கப்பா, இது கெட்டுப்போய்விட்டதா?" என்றாள். பார்வையுள்ளவர்கள் வாயடைத்து நிற்கும் ஒரு கருவி என் கையில் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம் இருந்ததை மறைக்கப் போவதில்லை.

ஆனால் வீட்டார் சொல்லிக் கொடுத்து எனக்கு எதுவும் ஏறவில்லை. "மேலே வலது பக்கம் நீலமாக ஒன்று இருக்கும் பாருங்க" என்பார்கள். நீலத்தை நான் எங்கே போய்த் தேடுவது? இரண்டு நிமிடம் பொறுத்துவிட்டு, கையிலிருந்து வாங்கி அவர்களே செய்து கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்துவிடும், நான் ஒன்றும் கற்றிருக்கமாட்டேன்.

வழி காட்டியவர், கோவையில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒரு தம்பி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் ஈரோட்டுக்கு வரவே இல்லை, எல்லாம் தொலைபேசியில்தான். "அண்ணா, டேப்லெட்டைப் போன் பக்கத்தில் வையுங்க. அது பேசுவதை நானும் கேட்கிறேன்" என்பார். அவ்வளவுதான், என் திரையில் நான் எங்கே நிற்கிறேன் என்பது கோவையில் இருக்கும் அவருக்குத் தெரிந்துவிடும். "இன்னும் மூன்று தள்ளுங்க, அங்கேதான் இருக்கிறது" என்பார். இருக்கும். வண்ணமோ மூலையோ அவர் பேச்சில் வராது. எது முதலில், எது அடுத்தது என்பதுதான் வரும்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. திரையை ஒரு படமாக நினைத்துக்கொண்டிருந்தவரை நான் தத்தளித்தேன். அது ஏலக்களத்து மூட்டை வரிசை. வியாபாரி மூட்டைக்கு மூட்டை நகர்ந்து, மாதிரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார். பிடித்த மூட்டையில் நின்று விலை குறிப்பார். ஒரு விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. வேண்டியது காதில் விழுந்ததும் இருமுறை தட்டினால் போதும். அந்தத் தட்டு திரையின் எந்த இடத்தில் விழுந்தாலும் சரி. குறி பார்த்துத் தட்ட வேண்டியதில்லை என்று தெரிந்த அன்றே பாதிப் பயம் போயிற்று.

செல்போனைவிட டேப்லெட்டில் ஒரு தொல்லை உண்டு. பரப்பு பெரிது, தடவித் தேடினால் விரல் வெற்றிடத்தில் அலையும். அதனால் நிலையான இடங்களை மட்டும் கைக்குப் பழக்கினேன். கீழ் விளிம்பில் எதிலிருந்து எது எவ்வளவு தூரம் என்பது இப்போது கட்டைவிரலுக்குத் தெரியும். சாய்த்தால் படம் தானாகத் திரும்பும் வசதியை முதல் வேலையாக நிறுத்தச் சொன்னார் தம்பி. இல்லாவிட்டால் கட்டிலில் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே கை பழகிய இடங்கள் எல்லாம் இடம் மாறிவிடும். எது தலைப்பக்கம் என்று தெரிய, உறையின் ஒரு மூலையில் பசை ஒரு சொட்டு விட்டுக் காயவைத்திருக்கிறேன்.

கணக்கு எழுதியவனுக்கு மிகவும் உதவியது வாசிப்பு முறையை மாற்றும் வசதி. மூன்று விரலால் மேலோ கீழோ தள்ளினால் எழுத்து, சொல், வரி, தலைப்பு என்று மாறிக்கொண்டே போகும். தேர்ந்த பிறகு ஒரு விரலால் கீழே தள்ளத் தள்ள அந்த அளவில் படிக்கும். ஒரு தொகையை முழுதாக ஒருமுறை, இலக்கம் இலக்கமாக ஒருமுறை கேட்காமல் நான் இன்றுவரை எதையும் அனுப்புவதில்லை. குரலின் வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன். இப்போது அது படிக்கும் வேகத்தில் வீட்டில் வேறு யாருக்கும் ஒரு சொல்லும் புரிவதில்லை. அதுவும் ஒரு பாதுகாப்புதான்.

தமிழில் தட்டச்சு செய்ய, விசைப்பலகைமேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும். வேண்டிய எழுத்தில் விரலை எடுத்தால் பதிந்துவிடும். நீளமாக எழுத வேண்டும் என்றால் பேசி எழுதவைப்பேன். நம் கொங்குப் பேச்சு அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. செய்தி வாசிப்பவர் போலப் பேசினால்தான் ஒழுங்காக எழுதுகிறது. இந்த வயதில் என் பேச்சைத் திருத்திய ஒரே வாத்தியார் அதுதான்.

பெயரில்லாத பட்டன்கள் தனிக் கதை. ஒரு பட்டனில் படம் மட்டும் போட்டு, அதற்குப் பெயர் எழுதாமல் விட்டுவிட்டால் திரைவாசிப்பானால் "பட்டன்" என்றுதான் சொல்ல முடியும். எந்தப் பட்டன்? செயலி செய்பவர் ஒரு சொல் எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். டாக்பேக்கில் சில இடங்களில் நாமே பெயர் சூட்டிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதன் மெனுவில் பெயர் சேர்க்கும் வசதி இருக்கிறது. ஒரு செயலியில் தொட்டால் விளம்பரம் மட்டுமே திறக்கும் பட்டனுக்கு "தொடாதே" என்று வைத்திருக்கிறேன்.

பழைய கோப்புகளும் வம்பு. ஒருங்குறி என்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், கண்ணுக்குத் தமிழ்தான். திரைவாசிப்பான் காதுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010 ஜூனில், எங்கள் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில். மாநாட்டுக்குப் போய் வந்த உறவினர்கள் கூட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்குப் பிற்காலத்தில் பயன்பட்டது அந்த ஆணைதான்.

பண விஷயத்தில் இரண்டு கருவிகள் கைகொடுத்தன. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட மணி செயலி, கேமராவின் முன் ரூபாய் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். இணையம் வேண்டாம். இன்னொன்று காதில் செருகும் சாதாரண இயர்போன். யுபிஐ ரகசிய எண்ணைத் தட்டும்போது ஒவ்வோர் இலக்கமும் என் காதுக்குள் மட்டும் கேட்க வேண்டும். இயர்போன் இல்லாமல் கடைத்தெருவில் பணம் அனுப்புவது, ரகசிய எண்ணை ஏலம் விடுவதற்குச் சமம். திரையை முழுக்க இருட்டாக்கும் வசதியும் டாக்பேக் மெனுவில் உண்டு. பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

வங்கிக் கணக்கு தொடங்கியதுதான் பெரிய பாடு. வாடிக்கையாளரைக் காணொலி வழியே சரிபார்க்க 2020 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அனுமதித்துவிட்டது. ஒரு வங்கியின் செயலியில் நானே முயன்றேன். பெயர், முகவரி, பான் எண் எல்லாம் தடையில்லாமல் போயின. குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை ஆறு தனிப் பெட்டிகளில் போடச் சொன்னது. பெட்டிக்குப் பெட்டி நகர்ந்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். எண்ணை நகலெடுத்து முதல் பெட்டியில் ஒட்டினால் மற்றவையும் தாமே நிரம்பும் என்று தம்பி சொன்னார். நிரம்பியது. பான் அட்டையில் எது மேல்பக்கம் என்று விரலுக்குத் தெரியாது. மூலையில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதையும் சமாளித்தேன்.

பிறகு "முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவந்து கண்ணை இமையுங்கள்" என்றது. வட்டம் எங்கே என்று அது சொல்லவில்லை. இடமா, வலமா, தூரமா, கிட்டேயா, எதுவும் இல்லை. நான் இமைத்தேன். என்னால் முடிந்த அத்தனை விதமாகவும் இமைத்தேன். ஒவ்வொரு முறையும் மீண்டும் முயலச் சொல்லி முதலிலிருந்து தொடங்கியது. மகளைக் கூப்பிட்டுத் தலையைப் பிடித்துத் திருப்பச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை, கிளைக்கே போய்விட்டேன்.

கிளையில் மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். பார்வையுள்ள ஒருவரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் தொடங்கினால் நல்லது, இணைய வங்கி வசதியெல்லாம் உங்களுக்கு எதற்கு, "உங்கள் நன்மைக்குத்தான் சார்" என்றார். ரிசர்வ் வங்கியின் 2008 ஜூன் 4 தேதியிட்ட சுற்றறிக்கையைத் தம்பி முன்பே அனுப்பியிருந்தார். பார்வையற்றவர் ஒப்பந்தம் செய்யச் சட்டப்படி தகுதியுள்ளவர். காசோலைப் புத்தகம், ஏடிஎம், இணைய வங்கி, லாக்கர் எதையும் பாகுபாடின்றித் தர வேண்டும் என்பது அதன் சாரம். மேசைமேல் டேப்லெட்டை வைத்து, குரலின் வேகத்தைக் குறைத்து, ஒலியைக் கூட்டி, அதையே படிக்கவைத்தேன். மேலாளர் குறுக்கே பேசவில்லை. பேசியிருந்தாலும் அது நின்றிருக்காது. நிறுத்த இரண்டு விரலால் தட்ட வேண்டும், அது எனக்கு மட்டும்தான் தெரியும். கணக்கு என் ஒருவன் பெயரில், இணைய வசதியோடு தொடங்கியது.

அந்த இமைக்கிற சடங்கு பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர்கள் அமிலவீச்சில் கண்களும் முகமும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர் ஒருவரும். நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறி 20 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்க இமைப்பது தவிர மாற்று வழிகள் வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. தீர்ப்புச் செய்தியை டேப்லெட்டில் வரி வரியாகக் கேட்டேன். எனக்காகவே எழுதியது போல இருந்தது என்றால் மிகை. எனக்கும் சேர்த்து எழுதியதுதான்.

இப்போது மண்டி வேலையில் பாதி மீண்டும் என்னிடம் வந்திருக்கிறது. மிஞ்சியிருக்கும் சண்டை விலைப்பட்டியலோடு. பெருந்துறை, கோபி, ஈரோடு ஏல விலைகள் தினமும் வாட்ஸ்அப்பில் வருகின்றன, ஆனால் படமாக. திரைவாசிப்பான் "புகைப்படம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் செயலியில் போட்டால் கட்டங்கள் குழம்பி, விரலி மஞ்சளின் அதிக விலையைக் கிழங்கு மஞ்சளின் குறைந்த விலையோடு சேர்த்துப் படிக்கும். குவிண்டால் கணக்கில் அந்தக் குழப்பம் சின்னக் குழப்பமில்லை. அனுப்புகிறவரிடம் பேசி, படத்துக்குக் கீழே அதே விலைகளை எழுத்திலும் போடச் சொன்னேன். ஞாபகம் இருக்கிற நாட்களில் போடுகிறார். மறந்த நாட்களில் என் குரல் செய்தி காலை டீக்கு முன்பே அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.