ரேஸ் நடுவுல தண்ணி வந்துருச்சு

பையனுக்குப் பரீட்சை முடிந்த மறுநாளே பிஎஸ்5 என்கிற சோனி கேம் பெட்டிக்கான கோரிக்கை மறுபடியும் மேசைக்கு வந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் அது இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். ஐம்பதாயிரம் என்று சொன்னால் தகப்பன்கள் மிரளுவார்கள் என்று யோசித்து பத்து ரூபாயைக் குறைத்த அந்தப் புண்ணியவான் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும். அந்தக் காசுக்குத் தேனி மாமா ஒரு கறவை மாடே பிடித்துவிடுவார். அது பாலாவது கொடுக்கும்.

இதையே சொல்லி மறுத்தால் மாட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் மாமாவிடம் விலை விசாரிக்கிற ரகம் அவன். அதனால் வேறு வழியில் போனேன். "கன்சோல்னா என்னடா? ஒரு கம்ப்யூட்டரு, ஒரு டிவி, கையில பிடிக்க ஒண்ணு. மூணும் நம்ம வீட்லயே இருக்கு."

ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பையன் சொல்லிக்கொடுத்த வித்தை அது. லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்து, ஒரு தளத்தைத் திறந்தால் திரையில் ஓர் எண் வரும். அந்த எண்ணை ஃபோனில் அடித்தால் ஃபோன் அப்படியே ஜாய்ஸ்டிக் ஆகிவிடும். இடது பக்கம் திருப்ப, வலது பக்கம் ஆக்சிலேட்டரும் பிரேக்கும். செலவு பூஜ்யம். சோனிக்காரர்களே 2017இல் பிளேலிங்க் என்று பெயர் வைத்து, ஃபோனைப் பிடித்து ஆடுகிற விளையாட்டுகளை பிஎஸ்4க்கு விட்டார்கள் என்று ஒரு பொது அறிவையும் சேர்த்து அடித்தேன். "அதெல்லாம் பார்ட்டி கேம்ப்பா" என்றான். ஆறாவது படிக்கிற பயல்களிடம் பொது அறிவை எடுக்கவே கூடாது.

நாங்கள் ஆடின காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. டவுன்ஹால் ரோட்டில் வாங்கி வந்த பெட்டி, அதிலிருந்து நீளும் வயரில் ஜாய்ஸ்டிக். அந்த வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் நமக்கும் டிவிக்கும் இடைவெளி. "கண்ணு போயிரும்டா" என்று அம்மா கத்துவது பின்னணி இசை. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் விட்ட பெட்டியின் டூப்ளிகேட் அது என்பதெல்லாம் வெகு காலம் கழித்துத்தான் தெரியும். கேசட்டில் 999999 இன் 1 என்று போட்டிருக்கும். நம்பி உட்கார்ந்தால் ஒரே காரும் ஒரே டாங்கியும் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். இருந்தாலும் அந்த பட்டன்கள்! மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ என்று கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்கும் மந்திரத்தை இன்றைக்கும் நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டால் என் கட்டைவிரல் சொல்லும். வாயால் கேட்டால் யோசிக்க வேண்டும்.

ஃபோனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வழவழவென்று கண்ணாடி. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, பட்டன் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியாது. டிவியைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது விரல் தன் பாட்டுக்கு நகர்ந்து வெளியே போய்விடும். எங்கே போனது என்று குனிந்து பார்க்கிற நேரத்தில் கார் சுவரோடு பேசிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போனால் ஃபோன், "ஓ, பின்னாடி போகணுமா" என்று ஆட்டத்தையே விட்டு வெளியே வந்துவிடும். ஆடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் திரை அணைந்துவிடும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பந்தயம் என்று முடிவானது. பையனிடம் என்னுடைய பழைய, மூலை உடைந்த ஃபோன். வைஃபை மட்டும்தான், சிம் கிடையாது. நான், இவள், அப்பா மூவரும் அவரவர் ஃபோனில். அப்பத்தாவான என் அம்மா நடுவர். கூடவே முறுக்கு.

பெயர் போடச் சொன்னது. அப்பா இனிஷியலில் ஆரம்பித்தார். பெயரை முடித்து, ஓர் இடம் விட்டு, அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்று போட முயன்றபோது எழுத்து தீர்ந்துவிட்டது. "பாதியில நிக்குதே" என்றார். இனிஷியலும் அரைப் பெயருமாகத்தான் களத்தில் இறங்கினார்.

அப்பா ஃபோன் பிடிப்பது உங்களுக்குத் தெரியும். இடது கையில் தட்டு மாதிரி ஏந்தி, ஒரு கை தூரத்தில் வைத்து, வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகக் குத்துவார். இதற்கு இரண்டு கட்டைவிரலும் வேண்டும் என்று பையன் எவ்வளவோ சொன்னான். "எனக்கு இதுதான் வசதி." ஆக, அவர் கார் முன்னால் போகும்போது திரும்பாது, திரும்பும்போது முன்னால் போகாது. அவருடைய டிவிஎஸ் ஃபிப்டியும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடும். கடைசியாக வந்து சேர்ந்துவிட்டு, "யார் மேலயாச்சும் இடிச்சனா?" என்று கேட்டார். இடிக்கவில்லைதான். அவர் கணக்கில் அது ஜெயிப்பு.

பையன் ஃபோனைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டுகிற முறைக்கு மாற்றிக்கொண்டான். திருப்பத்தில் ஆளே சோபாவோடு சாய்ந்தான். இவளுக்கு டிவியைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. அது நியாயமான கவலைதான். 2006இல் வீ (Wii) என்கிற கேம் பெட்டி வந்த புதிதில் ஜனங்கள் ரிமோட்டை வீசி வீசி ஆடி, அது கைநழுவிப் போய் டிவியையே உடைத்ததில், நிண்டெண்டோ சுமார் 32 லட்சம் மணிக்கட்டு வார்களை மாற்றித் தர வேண்டியதாயிற்று. இவள் அதெல்லாம் படித்தவள் இல்லை. பீரோவைத் திறந்து ஒரு பாவாடை நாடாவை எடுத்து வந்து, ஃபோனையும் பையன் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

இரண்டாவது ரேஸில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். இதை யாரும் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசிச் சுற்றில் ஃபோன் முழுவதும் ஒரு நம்பர் வந்து உட்கார்ந்தது. ஆக்சிலேட்டர் இருந்த இடத்தில் சிவப்பு வட்டம். "சார், பர்சனல் லோன்…" முன் அனுமதி கொடுத்துவிட்டார்களாம். என் கார் நடு ரோட்டில் நிற்க, இவள் கார் உரசிக்கொண்டு போனது. லோன் பெண்ணுக்குக் காரணம் சொல்லாமல் வைத்துவிட்டேன், பாவம்.

"டூ நாட் டிஸ்டர்ப் போடுங்கப்பா, இல்ல ஏரோப்ளேன் மோடுல போட்டு வைஃபை மட்டும் வைங்க" என்றான் பையன். நல்ல யோசனைதான். இவள், "கேஸ்காரர் கூப்பிடுவாரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்! அப்பா பதிலே சொல்லவில்லை. தெரு நலச் சங்கச் செயலாளர், அவர் ஃபோனை அணைத்தால் எஸ்.எஸ். காலனி என்ன ஆவது?

இடையில் அப்பாவுக்குப் பால் சுடவைக்க இவள் மைக்ரோவேவைப் போட்டாள். எல்லாருடைய காரும் ஒரே நேரத்தில் குடித்துவிட்டு ஓட்டுகிற மாதிரி தடுமாறியது. மைக்ரோவேவும் எங்கள் பழைய ரவுட்டரும் ஓடுவது ஏறக்குறைய ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில். பால் சுடும்வரை யாரும் நேராக ஓட்டவில்லை. ஆண்ட்ராய்டு 9லிருந்து ஃபோனை ப்ளூடூத்திலேயே ஜாய்ஸ்டிக்காக மாற்றலாம், ரவுட்டரே வேண்டாம் என்றான் பையன். ப்ளூடூத்தும் அதே 2.4தான்டா என்று சொன்னேன். சாயங்காலம் பூராவும் நான் ஜெயித்தது அந்த ஓர் இடத்தில்தான்.

கடைசி ரேஸ்தான் ரேஸ். நாலு காரும் ஒட்டி ஒட்டிப் போகிறது. அப்பாகூட ஏதோ ஒரு தெம்பில் இரண்டாம் விரலையும் களத்தில் இறக்கிவிட்டார். அப்பத்தா முறுக்கைக் கடிக்காமல் கையில் பிடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து மூன்று ஃபோனும் ஒரே தடவையில் 'டிங்' என்றது. தெரு குரூப். "தண்ணி வந்துருச்சு."

முந்தாநாள் வர வேண்டிய தண்ணி. அப்புறம் யார் உட்கார்ந்திருப்பது? இவள் ஃபோனைச் சோபாவில் எறிந்துவிட்டு மோட்டார் சுவிட்சுக்கு ஓடினாள். நான் மாடி டேங்க் வால்வுக்கு. நடுவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பா மட்டும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அதே ஆள்காட்டி விரலால், "மேற்குத் தெருவுக்கும் வந்துவிட்டதா?" என்று குரூப்பில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கார் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

மாடியிலிருந்து எனக்குக் கேட்டது, "ஜெயிச்சிட்டேன்! நான் ஜெயிச்சிட்டேன்!" என்று ஆளில்லாத ஹாலில் ஒரு குரல். சிம் இல்லாத ஃபோன், குரூப்பில் இல்லாத பையன். பார்க்கத்தான் ஒருத்தரும் இல்லை. நான் இறங்கி வருவதற்குள் முகம் தொங்கிவிட்டது. கையில் நாடா இன்னும் கட்டியபடியே இருந்தது. "யாருமே ஆடல. இது கணக்குல வராது" என்றான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கறவை மாட்டுக் கதையெல்லாம் வாயில் வரவில்லை.

மறுநாளே மீனாட்சி பஜாரில், லேப்டாப்பில் இணைகிற வயர்லெஸ் ஜாய்ஸ்டிக் இரண்டு வாங்கிவிட்டேன். பிஎஸ்5 விலைக்கு இது ஒன்றுமே இல்லை என்று நானும், ரெண்டு எதுக்கு என்று இவளும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பையன் ஆடும்போது எப்படி ஜெயிப்பது என்று சொல்லித்தரும் வீடியோ வேண்டுமாம், அதற்கு என் ஃபோன். ஆக டிவியும் போனது, ஃபோனும் போனது.

நேற்று அப்பாவை உட்காரவைத்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தோம். இரண்டு கையாலும் பிடித்து, பட்டனை அமுக்கிப் பார்த்து, "இது நல்லாருக்கே" என்றார். முதல் திருப்பத்திலேயே சுவரில் இடித்தார். ஜாய்ஸ்டிக் கையில் விர்ரென்று அதிர்ந்தது. சட்டென்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பையனிடம் நீட்டினார்.

"யாரோ கூப்பிடுறாங்க பாரு. சங்கத்து ஆளா இருந்தா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்லிரு."