கொடைக்கானல்ல சைக்கிள் பாதைக்கு மேப் போட்டு மூணு தடவை அலைஞ்சேன்

ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர், அங்க வாடகை சைக்கிள் ஓடுது. ஊருக்குள்ள ஒரு பாதை கேட்டா மட்டும் "மலையில எவன் சைக்கிள் மிதிப்பான்"ங்கறாங்க. எல்லா ரோடும் செங்குத்து இல்லங்க, எதுல மிதிக்க முடியும்னு படம் போட்டே காட்டிடலாம்னு இறங்குனேன்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல (யாரு வேணா திருத்தக்கூடிய இலவச மேப்) இருக்கிற ரோடுகளை ஓவர்பாஸ் டர்போங்கற வெப்சைட்ல எடுத்து, க்யூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல போட அரை மணி நேரம் கூட ஆகல. உயிரை வாங்குனது சரிவுதான். முதல்ல மொத்த ஊரும் 90 டிகிரி சுவர் மாதிரி செவப்பா வந்துச்சு. தூரம் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரில, உயரம் மீட்டர்ல இருந்தா அப்படித்தான் வரும், உயர லேயரை EPSG 32643க்கு (தூரத்தையும் மீட்டர்ல சொல்ற, நம்ம பகுதிக்கான மேப் அளவு முறை) மாத்திட்டு சரிவு போடுங்க, எனக்கு ஒரு ராத்திரி போச்சு.

மாத்துன பிறகும் அப்சர்வேட்டரி ரோட்டுல ஒரு இடம் 23 சதவீதம்னு காட்டுச்சு. தினமும் நடக்கிற இடம், வயசான அம்மாங்க பால் தூக்குவாளியோட மூச்சு வாங்காம ஏறுறாங்க! நோண்டிப் பாத்தா, நான் போட்ட எஸ்ஆர்டிஎம்ங்கற உயரத் தகவல் 2000 பிப்ரவரில விண்கலத்துல இருந்து ரேடார்ல அளந்தது, ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர், நம்ம ரோடோ மலையை வெட்டிப் போட்டது, அதனால மேல இருக்கிற மண் திட்டு, ரோடு, கீழ பள்ளம் எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள கலந்துடுது, பக்கத்துல பைன் தோப்பு இருந்தா ரேடார் தரைக்கு வராம மரத்து மேலயே திரும்பிடுது. தோப்பு முடியுற இடத்துல ரோடு குழில விழுந்த மாதிரி காட்டும்.

பக்கத்து வீட்டு கொத்தனார் அண்ணன்கிட்ட மட்டம் பாக்குற தண்ணி டியூப்பை வாங்கிட்டுப் போனேன். அவரு ஒரு முனை, நான் ஒரு முனை, பத்துப் பத்து மீட்டரா 100 மீட்டர் அளந்தோம். ஏத்தம் 7 மீட்டர், அதாவது 7 சதவீதம், அவ்ளோதான்! அதுக்கப்புறம் 200 மீட்டருக்கு ஒரு தடவைன்னு சராசரி எடுத்தேன், சந்தேகமான இடத்துல டியூப்.

அடுத்து பாதை கேட்டு மனு குடுக்க நகராட்சி ஆபீஸ். ஏ3 பிரிண்ட்டை நீட்டுனா கிளார்க் கையிலயே வாங்கல, "சர்வே நம்பர் எங்க தம்பி? இதுல பாதி ரோடு எங்களுதே இல்ல, ஹைவேஸ்ல கேளுங்க". அங்க போனா "மீதி பாதி எங்களுது இல்ல". ரெண்டாவது தடவை சார் லீவு, மழையில நனைஞ்சதுதான் மிச்சம். போறதுக்கு முன்னாடியே எந்த ரோடு நகராட்சி, எது ஹைவேஸ்னு தனித்தனி கலர் அடிச்சிடுங்க. அகலத்தையும் டேப் வச்சு அளந்துக்கோங்க, மேப்ல நிறைய ரோட்டுக்கு அகலமே இருக்காது.

மூணாவது தடவை இன்ஜினியரே விரலை வச்சு ரோட்டைத் தடவிப் பாத்தாரு. "இந்த அகலம் யாரு அளந்தா?" "நாந்தாங்க சார்". மனுவுக்கு சீல் குத்தி ரசீது குடுத்தாங்க. ஒத்தையடிப் பாதைன்னு இருந்த ஒண்ணு நேர்ல படிக்கட்டு, அதை அன்னைக்கு ராத்திரியே மேப்ல திருத்திட்டேன்.