தராசும் ஒரு ரூபாய்க் குற்றியும்

பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழு பள்ளி நினைவுகளைக் கேட்டிருக்கிறது. படகுப் பட்டறையில் படித்தவர்களுக்கு அந்த நினைவு மூக்கில்தான் தொடங்கும். படகு செய்யும் பிசினான ரெசினிலுள்ள ஸ்டைரின் என்ற இரசாயனத்தின் மணம் சேட்டில் ஏறினால் இரண்டு தோய்ச்சலுக்கும் போகாது.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம்வரை போன கதை எல்லாருக்கும் தெரியும். அது மரமும் வாய்ச்சியும் ஆண்ட காலம். பிறகு காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலையில், கண்ணாடி இழையை ரெசினில் தோய்த்துப் படைபடையாகச் செய்யும் பைபர் கிளாஸ் படகுகள் வந்தன; நாங்கள் பழகியதும் பைபர்தான். மரவேலையில் விட்ட பிழை கண்ணுக்குத் தெரியும். பைபரில் அது படைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் பட்டறைக்குள் போனதும் முதலில் கையில் தருவது தராசு.

படகின் அச்சான மோல்டுக்கு மெழுகு பூசி மினுக்குவதில் தொடங்கும் வேலை. உள்ளங்கையளவு இடம் தவறினாலும் படகு அங்கே ஒட்டிக்கொண்டு வராது. அடுத்தது படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட், அரை மில்லிமீற்றர் தடிப்பில். மெல்லிதாக இழுத்தால் ஸ்டைரின் ஆவியாகிப்போய், பூச்சு சரியாக இறுகாது. அதன்மேல் ரெசின் பட்டதும் கொதித்து ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கிவிடும். அவசரப்பட்டு அடுத்த படையைப் போட்டாலும் இதே கதிதான். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் நிறம் ஒட்டக்கூடாது. அதுதான் பதம்.

வெட்டிய கண்ணாடி இழைகளாலான வெட்டிழைப் பாயை நாங்கள் 'மற்' என்போம். ஒரு பங்கு 'மற்'றுக்கு ரெசின் நிறையில் இரண்டரைப் பங்கு. ஒரு சதுர மீற்றர் 450 கிராம் மற் என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ரெசின் வேண்டும். பயந்து கூடுதலாக ஊற்றுபவர்களே அதிகம். பளபளப்பாக இருக்கும், பார்க்க வடிவுதான். ஆனால் பலம் இழையில் இருக்கிறது. ரெசின் தேங்கிய இடம் முட்டியவுடன் வெடிக்கும். ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி, வெள்ளைப் புள்ளிகள் மறையும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர் கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். எங்கள் ஊர் மத்தியான வெயிலில் 20 போட்டால், தூரிகை நனையமுன் வாளி சூடேறிப் புகையும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது வழக்கம். இறுகலை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவத்தை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே ஹார்ட்னர். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இதை மட்டும் ஒருமுறையும் பரிசோதித்துப் பார்க்கக்கூடாது என்பார் மாஸ்ரர்.

எஞ்சின் பூட்டும் பின்பலகைதான் பெரும்பாலான படகுகளின் நோய். உள்ளே பிளைவுட், வெளியே பைபர். போல்ட்டுக்குத் துளையிட்டுவிட்டு, வெட்டுமுகத்தில் ரெசின் தடவாமல் போல்ட்டை முறுக்கினால் உப்புத்தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது, உள்ளே பலகை உக்கிப்போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் நாணயக் குற்றி போதும். தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். படை விட்ட இடத்திலும் உக்கிய இடத்திலும் மொத்தென்று அடங்கும். பட்டறையில் காதும் ஒரு கருவிதான், அதைப் பழக்க ஒரு மாதமாவது எடுக்கும்.

பழைய படகில் புதுப் படை ஒட்ட வேண்டுமென்றால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை மணல் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் ஒட்டிய படை கொஞ்சக் காலத்தில் செதிலாகக் கழன்று வரும்.

சங்கம் பட்டறைக்கு ஏதாவது அனுப்ப நினைத்தால் கணினி வேண்டாம். கிராம் கணக்காகக் காட்டும் தராசுகளும், இரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடிகளும் அனுப்புங்கள். தூசுக்கான துணி முகமூடி ஸ்டைரினைத் தடுக்காது. மாற்று வடிகட்டிகளையும் சேர்த்து அனுப்புங்கள், ஆனால் உறை பிரிக்காமல். பிரித்து வைத்தால் பாவிக்காமலே பழுதாகிவிடும்.