முன்னால் நின்ற சைபர்

“முன்னால இருக்க சைபருக்கு மதிப்பு கிடையாதுக்கா.”

இப்படிச் சொல்லி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சொன்னதைவிட, சொன்ன தோரணைதான் இப்போது கூசுகிறது.

முக்கூடல் பக்கத்துப் பீடிக்கடை ஒன்றின் கூலிக் கணக்கை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். அந்த அக்காவின் பாஸ்புக்கில் 0417. என் திரையில் 417. “தம்பி, எனக்கு ஒரு சைபர் உண்டுல்லா?” என்று அதன்மேல் விரலை வைத்துக் காட்டினார். நகக்கண்ணில் புகையிலைத் தூள்.

எண்களை ஸ்ட்ரிங்காகவே, அதாவது வெறும் எழுத்து வரிசையாகவே வைத்தால், வரிசைப்படுத்தும்போது 9-க்கு முன்னால் 10 வந்து உட்காரும். மேனேஜர் பட்டியல் ஒழுங்காக வேண்டும் என்றார், இன்டிஜராக, அதாவது முழு எண்ணாக மாற்றினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பாஸ்புக் எண்ணை யார் கூட்டிக் கழிக்கப் போகிறார்கள்? அதுவும் ஒரு பெயர் மாதிரிதானே.

இரண்டு கடைகளைச் சேர்த்தபோது, பின்னால் வந்த கடையின் எண்களுக்கெல்லாம் பழைய கணக்கப்பிள்ளை ஒரு சைபர் போட்டு அடையாளம் வைத்திருக்கிறார். வெறும் 417 என்று இன்னொருவர் இருந்தார். அக்கா சுற்றிக் கொடுத்த மூவாயிரம் பீடியும் அவர் பேரில் ஏறியிருந்தது.

1996-ல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிஷத்துக்குள் சிதறியதும் இதே மாதிரி மாற்றத்தால்தான். 64 பிட் ஃப்ளோட், அதாவது புள்ளி வைத்த பெரிய எண், 16 பிட் இன்டிஜருக்குள் அடங்கவில்லை. மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதிக்கிற இந்தப் பக்கத்து ஊர்க்காரனான எனக்கு இது ஓர் ஆறுதல். ஆனால் அங்கே மாற்றம் தோற்று, பிழை என்று கத்தியது. என்னுடையது சத்தமே இல்லாமல் ஜெயித்தது. “0417”-ஐ மாற்றினால் 417. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எல்லாம் சரி.

எண்ணை மறுபடி ஸ்ட்ரிங் ஆக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. போன ஐந்து வாரத்துக்கு என்ன செய்ய? சைபர் வைத்தவர்கள் அறுபது பேருக்கு மேல். எல்லோருடைய பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்திருக்கலாம். “கேட்டு வாறவங்களுக்குக் கொடுத்துருவோம்” என்றார் மேனேஜர். நானும் சரி என்றேன். பணம் கொடுப்பது என் கையில் இல்லை. பட்டியல் என் கையில் இருந்தது.

பதினோரு பேர் வந்தார்கள்.

அடுத்த தடவை அந்த அக்கா பாஸ்புக்கை நீட்டியபோது ஒன்றும் பேசவில்லை. சைபரின் மேல் நீல மையால் இரண்டு மூன்று தடவை அழுத்தி எழுதியிருந்தார். தாள் பின்பக்கம் புடைத்திருந்தது.