எந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் கேப்ஸ் லாக்

வீட்டில் லேப்டாப், ஆபீஸில் டெஸ்க்டாப், படிக்கும் இடத்தில் மேக் என்று மாறி மாறி வேலை பார்ப்பவர்களைக் குழப்புவது ஸ்கிரீன் ரீடரின் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) கட்டளைகள் அல்ல, அவற்றோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய கீதான். விண்டோஸில் ஓடும் என்விடிஏ, ஜாஸ், லினக்ஸின் ஆர்கா ஆகிய மூன்று ஸ்கிரீன் ரீடர்களுக்கும் டெஸ்க்டாப்பில் அது இன்சர்ட். நம்பர் பேடில் உள்ள 0 இன்சர்ட்டாக வேலை செய்ய நம்பர் லாக் (Num Lock) அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் 0 விழும். பல லேப்டாப்களில் இன்சர்ட்டுக்கு எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேக்கில் இன்சர்ட்டே கிடையாது.

அதனால் எல்லாவற்றிலும் கேப்ஸ் லாக் வைத்துக்கொள்வதே நல்லது. என்விடிஏவில் கன்ட்ரோல்+என்விடிஏ+கே (‘என்விடிஏ’ என்பது அந்தச் சேர்த்துப் பிடிக்கும் கீ) அழுத்தினால் கீபோர்டு அமைப்பு நேரடியாகத் திறக்கும். அங்குள்ள பட்டியலில் கேப்ஸ் லாக்குக்கு ஸ்பேஸ் தட்டி டிக் போடுங்கள். பெரிய எழுத்து வேண்டுமானால் கேப்ஸ் லாக்கை வேகமாக இரண்டு தடவை தட்டினால் போதும். ஆர்காவில் லேப்டாப் லேஅவுட்டை (லேப்டாப்புக்கான கட்டளை அமைப்பு) தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் இந்த செட்டிங் எதுவும் இருக்காது. விண்டோஸ்+கன்ட்ரோல்+என்டர் அழுத்தி விண்டோஸின் சொந்த ஸ்கிரீன் ரீடரான நரேட்டரை எழுப்புங்கள், அது கேப்ஸ் லாக், இன்சர்ட் இரண்டையும் ஏற்கும்.

மேக்கின் சொந்த ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரை கமாண்ட்+எஃப்5 தொடங்கிவைக்கும். அதன் கீ கன்ட்ரோல்+ஆப்ஷன். தமிழ் கீபோர்டைச் சேர்த்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். கன்ட்ரோல்+ஆப்ஷன்+ஸ்பேஸ் என்பது வாய்ஸ்ஓவரில் ‘இதை அழுத்து’. மேக்கின் சொந்த ஷார்ட்கட்டில் அதுவே ‘அடுத்த கீபோர்டுக்குப் போ’. கீபோர்டு ஷார்ட்கட் பகுதியில் இரண்டாவதை அணைத்துவிடுங்கள். வாய்ஸ்ஓவர் யுட்டிலிட்டியில் கேப்ஸ் லாக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கேப்ஸ் லாக்கால் ஏபிசி என்ற ஆங்கில கீபோர்டுக்கு மாறும் வசதி போட்டிருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். ஒரே கீக்கு இரண்டு முதலாளி கூடாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிறவர்களுக்குத் தனிச் சிக்கல். பிரெஞ்சு கீபோர்டு லேஅவுட்டில் ஏயும் க்யூவும் இடம் மாறியிருக்கும். என்விடிஏ லேப்டாப் லேஅவுட்டில் முழுவதையும் வாசிக்க என்விடிஏ+ஏ. பழகிய விரல் பழைய இடத்திலேயே தட்டும், என்விடிஏ அதை என்விடிஏ+க்யூ என எடுத்துக்கொண்டு ‘வெளியேறவா’ என்று கேட்கும். பதறி என்டர் தட்டினால் பேச்சு நின்றுவிடும். எஸ்கேப் தட்டி, விண்டோஸ்+ஸ்பேஸால் லேஅவுட்டை மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சு நின்றே போனால் கன்ட்ரோல்+ஆல்ட்+என். ‘என்’ (N) எழுத்துக்கு இரண்டு கீபோர்டு லேஅவுட்டிலும் ஒரே இடம்தான். வலது ஆல்ட் பிரெஞ்சில் ஆல்ட்ஜிஆர் (கூடுதல் குறிகள் போடும் கீ), மெனுவுக்கு இடது ஆல்ட்டையே தொடுங்கள்.

புது கீபோர்டு கைக்கு வந்ததும் என்விடிஏ+1 (அந்தந்த ஸ்கிரீன் ரீடரின் கீயோடு நரேட்டருக்கும் 1, ஆர்காவுக்கு எச், வாய்ஸ்ஓவருக்கு கே) அழுத்திவிட்டு ஒவ்வொரு கீயாகத் தட்டிப் பாருங்கள். பெயர் மட்டும் சொல்லும், வேலை எதுவும் நடக்காது. என்விடிஏவில் என்விடிஏ+1ஐ மறுபடி அழுத்தினால் இந்த நிலை முடியும், வாய்ஸ்ஓவரிலும் ஆர்காவிலும் எஸ்கேப்.