சார்ஜ் ஏறாத நவம்பர்

நவம்பர் 8, கோத்தகிரி

காலை ஐந்தரைக்கு பைக்கில் செல்ஃப் தட்டினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிக்கரில் ஆறாவது உதைக்குத்தான் பிடித்தது. கட்டபெட்டு டீ பேக்டரிக்குக் கொழுந்து வண்டி வருமுன் நான் தராசுப் பக்கம் நிற்க வேண்டும். பேட்டரி மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குளிருக்கு பேட்டரி கொஞ்சம் சோர்ந்துபோகும், சரி. புதுசு இப்படிப் படுக்குமா?

நவம்பர் 9

கடைக்குப் போனேன். மீட்டரை எடுக்காமலேயே “பேட்டரி வீக், மாத்திடலாம்” என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அளந்து பார்க்காமல் என் காசைச் செலவு செய்யச் சொன்னதுதான் வலித்தது.

நவம்பர் 11

குன்னூரிலிருந்து மச்சான் மல்டிமீட்டரோடு வந்தான். ராத்திரி முழுக்க சார்ஜரில் இருந்த பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டியது. ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்தால் 13.5-லிருந்து 14.5-க்குள் ஏற வேண்டும். ஏறியது 12.7 மட்டும்.

இன்ஜினோடு சுற்றி கரண்ட் உண்டாக்குகிற மேக்னட்டின் கப்ளரைக் கழற்றி, அதன் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயரையும் இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டில் பார்த்தான். அதே ரேஸில் 46, 47, 46. இன்ஜின் பாடியோடு எந்த ஒயருக்கும் தொடர்பு இல்லை. “காயில் நல்லா இருக்கு மாமா.” அப்போ அந்த ஏசி கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற ஆர்ஆர் யூனிட்தான் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர்) போச்சு என்றேன். அவன் தலையாட்டவில்லை. “லைட் இவ்வளவு பளிச்சுன்னு எரியுதே, எப்படி?” அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நவம்பர் 12, 13

மழை. பஸ்ஸில் போனேன்.

நவம்பர் 15

டேங்கைக் கழற்றினோம். வண்டி ஓடும்போது ஆர்ஆர் யூனிட்டின் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே 14.1. பேட்டரியில் அதே 12.7. நடுவில் 1.4 வோல்ட் எங்கே போகிறது? சிவப்பு ஒயரிலிருந்து பேட்டரி பிளஸ் வரை 0.1. பச்சையிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 1.3. கரண்ட் திரும்பி வருகிற வழி, எர்த்!

பச்சை ஒயரைத் தடவிக்கொண்டே போனால், டேங்குக்கு அடியில் பிரேமில் ஒரு போல்ட். வளையத்தின் ஓரமெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. விரலால் அசைத்தால் மாவு போல உதிர்ந்தது. பேட்டரி மைனஸின் மெல்லிய ஒயரும் அதே போல்ட்டில்தான், கீழே இருந்த அந்த வளையத்தில் துரு. மேகம் இறங்கி வீட்டு வாசலிலேயே நிற்கிற ஊரில் வேறெப்படி இருக்கும். ஹெட்லைட்டின் எர்த், துருவுக்கு இந்தப் பக்கம், ஆர்ஆர் யூனிட்டோடு சேர்ந்திருந்ததால் அது மட்டும் பிரகாசமாக எரிந்தது. பேட்டரிதான் பட்டினி கிடந்திருக்கிறது, பாவம்.

உப்புத்தாளால் பிரேமில் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தோம். புது வளையம், இறுக்கமாக போல்ட், மேலே வாஸ்லின். திரும்ப அளந்தால் பேட்டரியில் 14.0. மச்சானைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

5 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதனால் அரை ஆம்பியரில் மெதுவாக ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன்.

நவம்பர் 23

நான்கு நாளாக விடாத மழை, நல்ல குளிர். காலை ஐந்தரைக்கு மீட்டர் வைத்தேன், 12.6. செல்ஃபில் விரல் வைத்ததும் பிடித்தது. கொழுந்து வண்டிக்கு முன்னாலேயே கட்டபெட்டு போய்ச் சேர்ந்தேன்.