பி.எட். பயிற்சிக்கு எந்தப் பள்ளி: பெண்கள் பள்ளியா, இருபாலர் பள்ளியா?

இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் எங்கள் கல்லூரியில் ஒரு தாளைக் கொடுத்து, பயிற்சிக்கு விருப்பமான மூன்று பள்ளிகளை எழுதச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் பஸ் வசதியைப் பார்த்துத்தான் எழுதினார்கள். நானும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெண்கள் பள்ளியை எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பெண்கள் பள்ளி, பட்டப்படிப்பு மகளிர் கல்லூரி. எனக்குத் தெரிந்த வகுப்பறை அது ஒன்றுதான்.

2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதலாம் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. அந்த முதல் நான்கு வாரத்தை ஒரு பெண்கள் பள்ளியில் முடித்திருந்தேன். நான் உள்ளே போனாலே வகுப்பு அமைதியாகிவிடும். வகுப்பைக் கட்டுக்குள் வைக்கக் கற்றுவிட்டேன் என்று நம்பினேன். அங்கே எனக்கு வழிகாட்டியாக இருந்த டீச்சரிடம் அடுத்த பள்ளி பற்றி யோசனை கேட்டபோது, "இந்தப் பிள்ளைங்க யார் வந்தாலும் அடங்கி உட்காரும்மா. நீ வேற மாதிரி பள்ளிக்கூடத்துல நின்னு பாரு" என்றார். அதைக் கேட்டுத்தான் நெல்லிக்குப்பம் சாலையில் இருந்த ஓர் இருபாலர் மேல்நிலைப் பள்ளியை முதலில் எழுதினேன்.

முதல் வாரம் சத்தத்தைச் சமாளிப்பதிலேயே போனது. அது சீக்கிரம் சரியாகிவிடும், அதற்காகப் பயப்பட வேண்டாம். என்னைக் கலங்க வைத்தது வேறு. கூடப் பயிற்சிக்கு வந்த தோழி பின்வரிசையில் உட்கார்ந்து என் பாடத்தைக் கவனித்துக் குறிப்பு எழுதினாள். நான் கேட்ட 14 கேள்விகளில் 11 பெண்கள் பக்கம் போயிருந்தன. கரும்பலகையில் எழுதும்போது பையன்களுக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வேண்டுமென்று செய்ததில்லை, பழக்கம். மறுநாளிலிருந்து வருகைப் பதிவேட்டை மேசையில் வைத்துக்கொண்டு, பெயர் சொல்லி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பெண்கள் பள்ளியிலேயே இருந்திருந்தால் இந்தக் குறை எனக்குத் தெரிந்தே இருக்காது.

அப்புறம் எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவப் பாடம் வந்தது. பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண்களுக்குத் தனியாக நடத்திக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். இரவெல்லாம் யோசித்தேன். இருவரையும் சேர்த்தே நடத்துவதென்று முடிவு செய்து, ஓர் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டுக் கொண்டுபோனேன். எல்லோரும் ஒரு சீட்டு போட வேண்டும், பெயர் எழுதக் கூடாது, கேள்வி இல்லாதவர்கள் வெற்றுச் சீட்டு போடலாம். குரல் உடைவது பற்றி வந்தது, முகப்பரு பற்றி வந்தது. ஒரு சீட்டில் "மாதவிடாய் வந்தா ரொம்ப வலிக்குமா? எங்க அக்கா அழுவுது" என்று இருந்தது. அதைப் படித்தபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பீரியடுக்குத் திட்டமிட்ட பாடம் மூன்று பீரியட் போனது. அந்த 16 வாரத்தில் நான் உண்மையாகவே ஆசிரியராக இருந்த நாட்கள் அவை.

பெண்கள் பள்ளிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அங்கே மாணவிகள் கை தூக்கி நேராகவே கேட்பார்கள், பெட்டியெல்லாம் தேவைப்படாது. பெஞ்சு தூக்குவதும் ஆய்வகப் பொருட்களை எடுத்து வைப்பதும் அவர்கள்தான். இருபாலர் பள்ளியில் பெஞ்சு நகர்த்தப் பையன்களையும் கூட்டிப் பெருக்கப் பெண்களையும் நான் கூப்பிட்டிருக்கிறேன். கவனிக்காவிட்டால் நம் வாயிலிருந்தே அது வந்துவிடும்.

அதனால் நான் சொல்வது இது: நீங்கள் படித்த பள்ளி எந்த வகையோ, 16 வாரத்துக்கு அதற்கு மாறானதை எழுதுங்கள். பழகிய வகையை 4 வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேலை கிடைக்கும்போது இந்த வகைப் பள்ளிதான் வேண்டும் என்று கேட்கும் நிலையில் இருக்க மாட்டோம். ஆண் பயிற்சி ஆசிரியர்களைப் பெண்கள் பள்ளிக்குப் பெரும்பாலும் அனுப்புவதில்லை. ஆண்கள் பள்ளியிலேயே படித்தவர்கள் கட்டாயம் இருபாலர் பள்ளியைக் கேளுங்கள். பெண்கள் ஆண்கள் பள்ளிக்குப் போவதானால், அங்கே ஆசிரியைகள் இருக்கிறார்களா, அவர்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று முதலிலேயே நேரில் போய்ப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், நான்கு மாதம் இருக்க வேண்டிய இடம்.

புதுச்சேரிப் பக்கம் எழுதுபவர்களுக்கு ஒன்று. அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. கடலூரில் சமச்சீர்ப் புத்தகத்தை வைத்து எழுதிய பாடக்குறிப்பு பாகூரிலோ கிருமாம்பாக்கத்திலோ உதவாது, என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டும். ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில்தான், பிள்ளைகளின் பேச்சும் ஒன்றுதான், பாடப்புத்தகம் மட்டும் வேறு.

எந்தப் பள்ளியானாலும் எழுதும் முன் உங்கள் பாடத்துக்கு வழிகாட்டி ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் நம் கையில் தர யோசிப்பார்கள். ஆறு முதல் ஒன்பது வரை எத்தனை பிரிவுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்குப் பீரியட் கிடைக்கும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். அது முடிந்து வகுப்பு சூடு பிடிப்பதற்குள் நம் ஊரில் மழை விடுமுறை ஆரம்பிக்கும். எனக்கு நவம்பரில் ஒரே வாரத்தில் மூன்று நாள் போனது. சாதனைத் தேர்வையும் (நடத்திய பாடத்தில் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் தேர்வு) தனிநபர் ஆய்வையும் (ஒரு மாணவரைக் கவனித்து எழுதும் ஆய்வு) தீபாவளிக்கு முன்பே முடித்து, வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.